1200 வாட்ஸ் என்று ஒட்டியிருக்கு, நம்பலாமா?

எங்கட ஊரில் ஆக்கள் சேர்ந்து பாட்டுக் கேட்கிற இடம் வீடு இல்லை, வாகனம். சுத்திவரப் பார்த்தாலே இது விளங்கும். வீட்டில் அம்மம்மா படுத்திருப்பா, தங்கச்சி சோதினைக்குப் படிப்பாள், சத்தத்தைக் கூட்டினால் மதிலுக்கு அங்கால இருக்கிறவையும் கேட்டே ஆகவேணும். ஹெட்செற்றை மாட்டினால் அது தனி ஒராளின் பாட்டு. நாலு பேர் ஒரே பாட்டைத் தொடக்கத்தில் இருந்து முடிவு வரைக்கும் வாய் திறக்காமல் கேட்கிறது என்றால், அது அநேகமாக இரவு நேரம், ஏ9 வீதியில், ஆரோ ஒருத்தரின் வானுக்குள்தான் நடக்கிறது. முறிகண்டியில் இறங்கிக் கும்பிட்டுவிட்டுக் கச்சானோடு திரும்பி ஏறினால் வவுனியா வரைக்கும் இளையராஜா.

இந்தப் பக்கத்தில் நாங்கள் படங்களுக்கும் புத்தகங்களுக்கும் பாட்டுகளுக்கும் விமர்சனம் எழுதி வருகிறோம். அந்தப் பாட்டுகள் எந்தக் கடதாசிக் கூம்புக்குள்ளால் எங்கட காதுக்கு வருகுது என்பதைப் பற்றி எழுதியதில்லை. கலைப்பீடத்துப் பிள்ளையளுக்கு ஏன் இந்த வயர் வேலை என்று கேட்பீர்கள். எங்களில் ஒருத்தரிட்டையும் சொந்தக் கார் இல்லை என்பதும் உண்மை. ஆனால் அப்பாமாரின், மாமாமாரின், ஹயர் ஓடுற அண்ணைமாரின் வாகனங்களுக்கு 'செற்' மாத்தப் போகும்போது கூடப் போறது நாங்கள்தான். இன்ரநெற்றில் தேடிப் பார்க்கச் சொல்லி எங்களைத்தான் கேட்கினம். கேட்டுப் பார்த்து, கழற்றிப் பூட்டிப் பார்த்து, நாங்கள் ஒரு நிலைப்பாட்டுக்கு வந்திருக்கிறோம். கடையில் கதை முழுக்க வாட்ஸைப் பற்றித்தான். அந்த வாட்ஸைக் கடைசியாகப் பார்த்தால் காணும். முதல் கதவு, பிறகு ஸ்பீக்கர், அதுக்குப் பிறகும் காசும் ஆசையும் மிச்சம் இருந்தால் அம்ப். இந்த வரிசையைத் தலைகீழாக விக்கிறபடியால்தான் நல்ல காசு போட்ட வாகனங்களும் தகரப் பேணி மாதிரிச் சத்தம் போடுதுகள்.

ஏன் இப்ப இதைக் கதைக்கிறம் என்பதற்கும் காரணம் இருக்கு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் 2022 வந்து போனது, வரிசையில் நிண்டது, கியூ.ஆர். காட்டிப் பெற்றோல் அடிச்சது எல்லாம் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த அஞ்சு வருசமும் புதுக் கார் எடுக்க முடியாத ஆக்கள் இருந்த காரைச் சோடிச்சார்கள். சீற் கவர், லைற், அண்ட்ரொயிட் பிளேயர், ஸ்பீக்கர். இறக்குமதி திறந்த பிறகும் வரியோடு சேர்த்து வருகிற விலையைப் பார்த்தால் அந்தப் பழைய காரே இன்னும் பத்து வருசம் ஓடும் போலத்தான் கிடக்கு. ஆகவே அதுக்குள்ள போடுகிற காசு வீண் காசு என்று நாங்கள் சொல்ல மாட்டோம்.

ஜப்பானில் இருந்து வந்த காருக்கு எங்கட நாட்டில் முதல் நாளே ஒரு குறை இருக்கும். பழைய ஜப்பான் செற்றுகளில் எஃப்.எம். 76 தொடக்கம் 90 வரைதான். எங்கட அலைவரிசைகள் 88 தொடக்கம் 108 வரை. இரண்டும் முட்டிக்கொள்கிற அந்தச் சின்ன இடத்துக்குள்ள ஒன்றிரண்டு நிலையம் மட்டும் பிடிபடும். இதுக்கு ஒரு சின்னப் பெட்டியை அன்ரெனா வயரில் பூட்டி அலைவரிசையைக் கீழே இறக்குவார்கள். அல்லது "இதைக் கழற்றி எறிஞ்சிட்டு அண்ட்ரொயிட் பிளேயர் போடுவம்" என்பார்கள். அங்க தொடங்குகிற செலவுதான் ஸ்பீக்கருக்கும் அம்புக்கும் சப்புக்கும் இழுத்துக்கொண்டு போகும்.

கம்பனி பூட்டி விட்ட ஸ்பீக்கரைக் கழற்றிக் கையில் எடுத்துப் பார்த்தீர்கள் என்றால் சிரிப்பு வரும். மெல்லிய கடதாசிக் கூம்பு, பிளாஸ்ரிக் சட்டம், பின்னால் ஒரு சின்னக் காந்தம். அவ்வளவு பெரிய காருக்கு இவ்வளவுதானா என்று தோன்றும். விலை குறைந்த மொடல்களில் முன்கதவில் மட்டும் இரண்டு இருக்கும். பின்கதவில் ஸ்பீக்கர் வலை மாதிரிப் புள்ளி புள்ளியாகப் போட்டிருப்பார்கள், உள்ளே ஒன்றும் இருக்காது. கடதாசிக் கூம்பு என்பதால் அது கூடாது என்றும் இல்லை. கடதாசி நல்ல சாமான், விலை கூடின ஸ்பீக்கர்களிலும் அதுதான். பிரச்சினை காந்தத்திலும் சட்டத்திலும், அதைவிட அது பூட்டியிருக்கிற கதவிலும்.

இனிக் கடைக்குள் போவோம். கண்ணாடி அலுமாரியில் அம்ப் பெட்டிகள் அடுக்கியிருக்கும். 1200 வாட்ஸ், 2500 வாட்ஸ், ஒன்றில் 4000 என்றும் கண்டோம். மைக்ரோவேவ் அவன் ஒன்று ஆயிரம் வாட்ஸ் அளவில் சாப்பாட்டைச் சூடாக்கும். அப்படிப் பார்த்தால் அந்தப் பெட்டி நாலு அவனுக்குச் சமன். பற்றரி ஒன்றில் இருந்து, கையகல வயரால்கூட இல்லாமல், சுண்டுவிரல் மொத்த வயரால். கடைக்கார அண்ணை பொய் சொல்கிறார் என்று இல்லை, அவருக்கும் பெட்டியில் எழுதியிருக்கிறதுதான் தெரியும்.

சாதாரண தர விஞ்ஞானத்தில் 'உவாற்று' என்று படிச்சோமே, அதேதான் இது. வோல்ற்றளவை அதே வோல்ற்றளவால் பெருக்கித் தடையால் பிரித்தால் வலு. எஞ்சின் ஓடும்போது காரின் மின் 14.4 வோல்ற் அளவில் நிற்கும். கார் ஸ்பீக்கரின் தடை வழமையாக 4 ஓம். 14.4ஐ 14.4ஆல் பெருக்கி 4ஆல் பிரித்தால் கிட்டத்தட்ட 52. பிளேயர் பெட்டிகளில் எல்லாம் '50 வாட்ஸ், 4 ஸ்பீக்கர்' என்று இருக்கிறது எப்படி வந்தது என்று இப்ப விளங்கும். ஆனால் அந்த 52 வரவேணும் என்றால் ஒலியலை மேலேயும் கீழேயும் மட்டமாக வெட்டுப்பட்டு, சதுரமாக நிற்கவேணும். அந்த நிலையில் கேட்டால் பாட்டு இருக்காது, தகரத்தைத் தரையில் இழுக்கிற சத்தம்தான் இருக்கும். ஒழுங்கான வளைந்த அலையாக எடுத்தால் அதில் அரைவாசி, 26. சுற்றுக்குள் வீணாகப் போறதையும் கழித்தால் 20க்கும் கீழே. தொடர்ந்து, உடையாமல் தரக்கூடிய அந்த அளவைத்தான் ஆர்.எம்.எஸ். என்று போடுவார்கள். பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பதை விட்டுவிட்டு, உள்ளே இருக்கிற கையேட்டில் சின்ன எழுத்தில் இந்த மூன்று எழுத்தையும் தேடிப் பாருங்கோ. இல்லாவிட்டால் அந்தப் பெட்டியை வைத்துவிட்டு அடுத்ததைக் கேளுங்கோ.

20க்கும் கீழே என்றவுடன் குறைவாகத் தெரியும். எங்கட அம்மா அப்பாவைக் கேட்டால் வேற கதை சொல்வார்கள். 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாத வருசங்களில், பற்றரிக்கும் தடை இருந்த காலத்தில், சைக்கிளைக் கவிட்டு வைத்து ஒராள் பெடலைச் சுத்த, டைனமோவில் றேடியோ கேட்டிருக்கிறார்கள். செய்தியும் கேட்டார்கள், பாட்டும் கேட்டார்கள். சைக்கிள் டைனமோ 6 வோல்ற், 3 வாட்ஸ். அந்த மூன்று வாட்ஸைச் சுத்தி ஒரு ஒழுங்கையே இருந்து கேட்டது. சுத்துகிறவர் களைச்சால் பாட்டும் களைச்சுப் போகுமாம். அந்தச் சனத்தின் பிள்ளைகளுக்கு 4000 வாட்ஸ் விக்கினம்.

உண்மையில் ஸ்பீக்கர் ஒன்றுக்கு 1 வாட் கொடுத்து 1 மீற்றர் தள்ளி நின்று அளந்தால் எத்தனை டெசிபல் வருகுது என்பதையும் பெட்டியில் போட்டிருப்பார்கள். 86, 89, 92 என்று இருக்கும். ஆரும் திரும்பியும் பார்க்காத இலக்கம் இது. வலுவை இரண்டு மடங்காக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல். 20 வாட்ஸை 40 ஆக்கினால் 'கொஞ்சம் கூடின மாதிரி இருக்கு' என்பீர்கள், அவ்வளவுதான். இரண்டு மடங்கு சத்தமாகக் காதுக்குத் தோன்ற வேணும் என்றால் 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வலு வேணும். மறுபக்கத்தில், 86 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பதிலாக 92 டெசிபல் ஸ்பீக்கர் போட்டால், 20 வாட்ஸிலேயே அந்தப் பழையதற்கு 80 வாட்ஸ் கொடுத்த சத்தம் வந்துவிடும். அம்புக்கு ஒரு சதம் செலவில்லை. காரின் சொந்த பிளேயரிலேயே ஓட்ட நினைக்கிறவர்கள் பார்க்கவேண்டிய முதல் இலக்கம் இதுதான்.

பழைய ஸ்பீக்கர் வாங்குகிறதையும் நாங்கள் குறைவாக நினைக்கவில்லை. பஞ்சிகாவத்தைப் பக்கம் ஜப்பான் கார்களில் இருந்து கழற்றின சாமான்கள் வரும். பயனியர் கம்பனி ஜப்பானுக்குள் 'கரோசேரியா' என்ற பெயரில் விற்கிறதும் அதுக்குள்ள கிடக்கும். பெயரைப் பார்த்து மயங்காமல் இரண்டு சோதினை செய்யுங்கோ. கூம்பைச் சுத்தியுள்ள விளிம்பு ரப்பரா, பஞ்சா? பஞ்சு என்றால் எங்கட வெக்கைக்குப் பொடியாய்ப் போகும். பிறகு இரண்டு கையாலும் கூம்பை மெதுவாக, ஒரே சீராக உள்ளே அமத்தி விடுங்கோ. 'கிறீச்' என்று உராய்கிற சத்தம் கேட்டால் உள்ளே சுருள் முட்டுது, வேண்டாம். ஒரு சின்ன ஒன்றரை வோல்ற் பற்றரியை நுனியில் தொட்டால் கூம்பு 'டப்' என்று அசையவேணும். அசையாவிட்டால் அது செத்த சாமான்.

இனிக் கதவு. எங்களைக் கேட்டால் முழுக் கட்டுரையும் இதுக்குத்தான்.

ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் தள்ளும்போது பின்னால் இழுக்கும். முன்பக்கம் வருகிற அலைக்கு நேர் எதிரான அலை பின்பக்கம் போகும். இரண்டும் சந்தித்தால் ஒன்றை ஒன்று அழிக்கும். உயர்ந்த சுரங்களுக்கு அவ்வளவு பாதிப்பில்லை, பேஸ்தான் காணாமல் போகும். வீட்டு ஸ்பீக்கரை மரப்பெட்டிக்குள் போட்டு மூடுவது இதனால்தான். கார்க்கதவின் உள்தகரத்திலோ பெரிய பெரிய ஓட்டைகள். கண்ணாடி ஏத்துகிற மோட்டருக்குக் கை விட ஒன்று, பூட்டுக்கு ஒன்று. அதுக்கு மேல் ஒரு மெல்லிய பொலித்தீன். நீங்கள் எத்தனை வாட்ஸ் கொடுத்தாலும் பேஸ் அந்த ஓட்டையால் ஓடிவந்து தன்னைத் தானே அழித்துக்கொள்ளும். அதோடு கதவின் வெளித்தகரமும் சேர்ந்து ஆடும். தவிலின் தொப்பிப் பக்கம் 'தொம்' என்று விழவேண்டிய இடத்தில் 'டங்' என்று தகரம் கதைக்கிறது இதனால்தான்.

செய்ய வேண்டியது பெரிய விஞ்ஞானம் இல்லை. கதவின் உள்ளட்டையைக் கழற்றி, வெளித்தகரத்தின் உட்பக்கத்தில் பியூட்டைல் ரப்பர் சீற்றை ஆங்காங்கே ஒட்டி உருளையால் அழுத்திவிடுவது. முழுக்க மூடத் தேவையில்லை, தகரத்தைத் தட்டினால் மணி மாதிரிக் கேட்காமல் பலகை மாதிரிக் கேட்டால் காணும். பிறகு உள்தகரத்தின் ஓட்டைகளை அடைப்பது. ஸ்பீக்கரைத் தொள தொள பிளாஸ்ரிக்கில் பூட்டாமல், தண்ணீர் படாதபடி பூச்சுப் பூசின பலகை வளையத்தில் இறுக்கிப் பூட்டுவது. ஒரு நாள் வேலை. ஆனால் இரண்டு விசயத்தில் கவனம். மலிவாக இருக்கு என்று கூரைக்கு ஒட்டுகிற தார் ரேப்பை வாங்கி ஒட்ட வேண்டாம். பங்குனி, சித்திரை வெயிலில் கார் நிண்டால் அது உருகி வழியும், மணமும் போகாது. மற்றது, கதவின் அடியில் தண்ணி வடிகிற சின்ன ஓட்டைகள் இருக்கு, அதை அடைத்தால் மாரிக்கு வருகிற மழைத் தண்ணி உள்ளேயே நின்று கதவு கறள் பிடிக்கும்.

இதைச் செய்துவிட்டு அதே பழைய ஸ்பீக்கரையே திரும்பப் பூட்டிக் கேட்டோம். பேஸ் கிற்றார் எந்தச் சுரத்தில் நகருது என்று அப்பதான் பிரிந்து கேட்டது. முன்னம் அது ஒரு இரைச்சலாக மட்டும் இருந்தது. கடைகளில் இந்த வேலையை முதலில் சொல்லாததுக்குக் காரணமும் விளங்குது. கதவுக்குள் ஒட்டினது வெளியில் தெரியாது, நீல லைற் எரியாது, படம் எடுத்துப் போடவும் ஏலாது.

அப்ப அம்ப் தேவையே இல்லையா? தேவைப்படும் இடம் இருக்கு. கண்ணாடியை இறக்கி ஓடுகிற வாகனம், பெரிய வான், சப் பூட்டுகிற எண்ணம், அல்லது வொலியுமைப் பாதிக்கு மேல் கொண்டுபோனால் பிளேயரின் சத்தம் கிழியுது என்ற நிலைமை. அப்பவும் ஒரு ஸ்பீக்கருக்கு 50 தொடக்கம் 75 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். தருகிற நாலு சனல் அம்ப் ஒன்று தாராளம். கையேடு இல்லாத பெட்டி என்றால் நாங்கள் செய்கிற கணக்கு இது: அம்பின் உடம்பில் குத்தியிருக்கிற ஃபியூஸைப் பாருங்கோ. 30 அம்பியர் என்று இருந்தால் 30ஐ 14.4ஆல் பெருக்க 432. உள்ளே போகக்கூடியதே அவ்வளவு வாட்ஸ்தான். அதில் ஒரு பகுதி சூடாகப் போகும். கிளாஸ் ஏபி வகை என்றால் அறுபது வீதம் அளவில் வெளியே வரும், 260. கிளாஸ் டி என்றால் எண்பது வீதம் என்று வைப்போம், 345. பெட்டியில் 1200 என்று இருந்தால் மிச்சம் எங்கே இருந்து வருகுது என்று அண்ணையைக் கேட்டுப் பாருங்கோ. மரியாதையாகத்தான் கேளுங்கோ. ஒரு கடையில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினபோது அவரும் கல்குலேற்றரை எடுத்து மற்றப் பெட்டிகளையும் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

கிளாஸ் டியின் சத்தம் 'உயிர் இல்லாதது' என்று சொல்கிற ஆக்கள் இருக்கினம். இப்ப வருகிற நல்ல கிளாஸ் டி அம்புக்கும் மற்றதுக்கும் ஓடுகிற காருக்குள் இருந்து வித்தியாசம் சொல்வது கஷ்டம் என்பது எங்கட கருத்து. சின்னது, சூடாகாது, சீற்றுக்குக் கீழே அடங்கும், பற்றரியை அதிகம் உறிஞ்சாது. அல்ற்றோ, வாகன் ஆர் மாதிரிச் சின்ன எஞ்சின் வாகனத்துக்கு அதுதான் பொருத்தம். காரின் சொந்த பிளேயரைக் கழற்ற விருப்பம் இல்லாதவர்கள், ஸ்பீக்கர் வயரையே நேரடியாக உள்ளே எடுக்கிற வசதி அம்பில் இருக்கா என்று பார்த்து வாங்கினால், ஸ்ரீயறிங்கில் உள்ள பொத்தான்களும் அப்படியே வேலை செய்யும்.

பூட்டின பிறகு இரண்டு திருகாணிகளில்தான் எல்லாம் தங்கியிருக்கு. 'கெயின்' என்று இருப்பதை எல்லாரும் சத்தம் கூட்டுகிற திருகாணி என்று நினைத்து முழுக்கத் திருப்பி விடுகிறார்கள். பிளேயரில் இருந்து வருகிற அளவுக்கு அம்பைப் பொருத்துவதுதான் அதன் வேலை. முழுக்கத் திருப்பினால் முன்னம் சொன்ன சதுர அலைதான் வரும், ட்வீற்றர்தான் முதலில் எரியும். மற்றது கீழ்ச் சுரங்களை வெட்டுகிற வடிகட்டி. கதவு ஸ்பீக்கருக்கு 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே போகவேண்டாம் என்று வைத்தால் ஸ்பீக்கர் மூச்சு வாங்காமல் பாடும். பேஸ் கிற்றாரின் அடித்தந்தி 41 ஹேர்ட்ஸ். ஆறரை இஞ்சி ஸ்பீக்கருக்கு அது எட்டாது, எட்டச் சொல்லி அடிக்கிறதும் அநியாயம். அது வேணும் என்றால் மூடின பெட்டியில் ஒரு பத்து இஞ்சி சப் காணும். ஹயர் வாகனத்துக்கு அதுவும் வேண்டாம், பொதி வைக்கிற இடம் போய்விடும்.

வயர் விசயத்தில் மட்டும் நாங்கள் விட்டுக்கொடுக்க மாட்டோம். பற்றரியில் இருந்து அம்புக்கு வருகிற வயரில், பற்றரியில் இருந்து ஒன்றரை அடிக்குள் ஒரு ஃபியூஸ் இருக்கவேணும். அம்பில் இருக்கிற ஃபியூஸ் அம்புக்கு. இந்த ஃபியூஸ் வயருக்கு. நடுவில் எங்கேயாவது தகரத்தில் உராய்ந்து வயரின் தோல் கிழிந்தால், பற்றரியின் முழுச் சக்தியும் அந்த இடத்தில் நெருப்பாகும். செற்றோடு வருகிற மலிவு வயர்கள் பலதும் செப்பு பூசின அலுமினியம். ஒரு இழையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அதைப் பாவிப்பதென்றால் ஒரு படி மொத்தமான வயராக எடுக்கவேணும். ஹைபிரிட் வாகனங்களில் இன்னும் கவனம். செம்மஞ்சள் நிற வயரைத் தொடவே கூடாது, அது உயர் வோல்ற்றளவு. அக்குவாவிலும் பிரியஸிலும் பெரிய பற்றரிக்குக் காற்று இழுக்கிற துவாரம் பின்சீற்றுப் பக்கம் இருக்கும், அதைச் சப் பெட்டியால் மறைத்தால் பற்றரி சூடாகும். சுசுக்கி வாகன் ஆரில் 'எனே சார்ஜ்' வந்த மொடல்களில் லிதியம் பற்றரி முன்பக்கப் பயணி சீற்றுக்குக் கீழே. 'சீற்றுக்குக் கீழே இடம் இருக்கு, சப் போடுவம்' என்று ஆணி அடிக்கிற இடமும் அதுதான்.

இவ்வளவும் சொன்னாலும் கடையில் கடைசியாக வருகிற கேள்வி "சத்தம் காணுமா?" என்பதுதான். ஆருக்குக் காணவேணும் என்று நாங்கள் திருப்பிக் கேட்கிறோம். வெளியில் நிற்கிறவனுக்குக் கேட்கிறதற்காகப் பூட்டுகிற சத்தத்தை, உள்ளே இருக்கிறவர்தான் நாள் முழுக்கச் சுமக்கிறார். வேலைத்தளங்களுக்கு அமெரிக்க நிறுவனமான நியோஷ் வைத்திருக்கிற அளவு: 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடவும் நேரம் பாதியாகும். 88க்கு 4 மணித்தியாலம், 91க்கு 2, 94க்கு 1. 100 டெசிபல் என்றால் கால் மணித்தியாலம். யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்புக்கு எட்டு மணித்தியால ஓட்டம். நித்திரை வராமல் இருக்கச் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு ஓடுகிற சாரதிக்கு இந்தக் கணக்கில் சாவகச்சேரி தாண்டும்போதே அன்றைய பங்கு முடிந்துவிடும்.

பஸ்ஸில் இருக்கிற எங்களுக்கு இன்னும் மோசம். திருகாணி எங்கட கையில் இல்லை. தலைக்கு மேல் ஸ்பீக்கர், பக்கத்தில் கைக்குழந்தையோடு ஒரு அக்கா, "அண்ணை, கொஞ்சம் குறைக்கிறியளா" என்று கேட்டால் கண்ணாடியில் ஒரு பார்வை. பாட்டுப் போடவேண்டாம் என்று சொல்கிற ஆக்கள் இல்லை நாங்கள். பாட்டில்லாத இரவுப் பஸ் எங்களுக்கும் வேண்டாம். அந்த ஸ்பீக்கர்களைப் பெட்டிக்குள் ஒழுங்காகப் பூட்டி, கெயினை இறக்கி வைத்தால் அரைவாசிச் சத்தத்தில் சொற்கள் தெளிவாகக் கேட்கும். இப்ப கேட்பது சொல்லும் இல்லை சுரமும் இல்லை, கிழிந்த அம்பு மட்டும்.

எங்கட நண்பன் ஒருத்தனின் அப்பா இருபது வருசத்துக்கு மேலாக ஹயர் ஓடுகிறார். வீட்டில் ரி.வி.யின் சத்தத்தை அவர் வைக்கிற அளவில் மற்றவை இருக்க ஏலாது. அம்மா அடுப்படியில் இருந்து கூப்பிட்டால் சில நேரம் கேட்காது. காது டொக்டரிட்டைப் போக நாள் எடுத்திருக்கு, அது வேற கதை. போன மாதம் அவர் வானுக்குப் புது செற் போடவேணும் என்று வெளிக்கிட்டார், 'பாட்டுத் தெளிவில்லை' என்ற காரணத்துக்காக. கடையில் சொன்னது 2500 வாட்ஸ் அம்பும் பன்னிரண்டு இஞ்சிச் சப் இரண்டும். மகன் எங்களைக் கூட்டிக்கொண்டு போய் முன்கதவு இரண்டையும் கழற்றினான். பொலித்தீன் கிழிந்து, ஒரு பக்க ஸ்பீக்கர் இரண்டு ஆணியில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

சீற் ஒட்டி, வளையம் வைத்து, 91 டெசிபல் போட்ட ஒரு சோடி ஸ்பீக்கர் பூட்டினோம். கதவு அடைபட்டதால் ரோட்டுச் சத்தமும் கொஞ்சம் குறைந்தது. முன்னம் 30ல் வைத்துக்கொண்டு ஓடினவர் இப்ப 19ல் வைக்கிறார். அம்புக்கு ஒதுக்கின காசு இன்னும் அப்படியே இருக்கு. அதை எடுத்துக்கொண்டு காது டொக்டரிட்டைப் போவம் என்று மகன் சொல்லிப் பார்த்தான். "அதுக்கு ரயர் மாத்தலாம்" என்றார்.